பெயர் தெரியாத புரதம்: அதிலுள்ள அமினோ அமிலங்களை ஆய்வகத்தில் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

சிறு பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் அடியில் வெள்ளைத் தூள் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடை ஒரு மில்லிகிராம்கூடத் தேறாது. அது புரதம் என்பது வரைக்கும் தெரியும். என்ன புரதம், எவற்றால் ஆனது என்பது தெரியாது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாலும் தூள் தூளாகத்தான் தெரியும். இதற்குள் எந்தெந்த அமினோ அமிலங்கள் இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது?

இதற்கு வேதியியலாளர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாகப் பல வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வழியிலும் கண்ணுக்குத் தப்பிவிடும் அமினோ அமிலங்கள் ஒன்றிரண்டு உண்டு. ஒரு முறை எதைக் காட்டும் என்பதோடு எதைக் காட்டாது என்பதும் தெரிந்தால்தான் அது தரும் எண்களைச் சரியாகப் படிக்க முடியும். ஆரம்பநிலை மாணவர்களுக்கு இந்த இரண்டாவது பாதியைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. அதனால் இங்கே அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

முதலில் அடிப்படை. புரதம் என்பது நீளமான சங்கிலி. அதன் கண்ணிகள்தாம் அமினோ அமிலங்கள். உயிரினங்கள் புரதம் கட்டப் பொதுவாகப் பயன்படுத்துபவை 20. எல்லாவற்றுக்கும் ஒரு பக்கம் அமினோ தொகுதி, மறுபக்கம் அமிலத் தொகுதி. நடுவிலிருந்து கிளைக்கும் பக்கச்சங்கிலிதான் ஒன்றை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்துகிறது. கிளைசினுக்கு அது வெறும் ஒரு ஹைட்ரஜன் அணு. டிரிப்டோஃபானுக்கு இரட்டை வளையம் கொண்ட பெரிய அமைப்பு. ஓர் அமினோ அமிலத்தின் அமிலத் தொகுதி அடுத்ததன் அமினோ தொகுதியோடு சேரும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுகிறது. அப்படி உருவாகும் இணைப்புதான் பெப்டைடு பிணைப்பு.

“இந்தப் புரதத்தில் என்ன அமினோ அமிலங்கள்?” என்ற கேள்விக்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. எவை, எத்தனை என்பது ஒன்று. எந்த வரிசையில் என்பது மற்றொன்று. ‘வாசி’ என்ற சொல்லில் உள்ள இரண்டு எழுத்துகளையும் இடம் மாற்றினால் ‘சிவா’. எழுத்துக் கணக்கு ஒன்றுதான், சொல் வேறு. புரதமும் அப்படியே. அதோடு, ‘விகடகவி’ போல எந்தப் பக்கமிருந்து படித்தாலும் ஒன்றாக இருக்காது. கிளைசின்–அலனின் வேறு பொருள், அலனின்–கிளைசின் வேறு பொருள். அதனால் சங்கிலியை எப்போதும் அமினோ தொகுதி சும்மா இருக்கும் முனையிலிருந்து படிப்பது வழக்கம்.

இரண்டு கேள்விகளுக்கும் வெவ்வேறு முறைகள் தேவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தெளிவாகும்.

நிறம் சொல்லும் சேதி

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களில் முதலில் செய்வது நிறச் சோதனைகள். அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்துச் சூடாக்கினால் மஞ்சள் வருகிறதா? காரம் சேர்த்ததும் அது ஆரஞ்சாக மாறுகிறதா? அப்படியானால் டைரோசினோ டிரிப்டோஃபானோ இருக்கிறது. இதன் பெயர் சாந்தோபுரோட்டீக் சோதனை. தோலில் நைட்ரிக் அமிலம் பட்டால் மஞ்சள் கறை விழுவதும் இதே வேதிவினையால்தான். சக்காகுச்சி சோதனையில் சிவப்பு வந்தால் ஆர்ஜினின். காரத்தோடும் லெட் அசிடேட்டோடும் கொதிக்கவைத்துக் கறுப்பு வந்தால் சிஸ்டீனின் கந்தகம்.

இவை விரைவானவை, மலிவானவை. ஆனால் 20 அமினோ அமிலங்களில் சிலவற்றுக்கு மட்டுமே இப்படிச் சோதனை உண்டு. அலனினுக்கோ வாலினுக்கோ தனியாக நிறம் கிடையாது. எவ்வளவு இருக்கிறது என்பதையும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே இது தொடக்கம் மட்டுமே.

சங்கிலியை உடைப்பது

எவை, எத்தனை என்று தெரிய வேண்டுமானால் எல்லாக் கண்ணிகளையும் தனித்தனியாகக் கழற்ற வேண்டும். பெப்டைடு பிணைப்பு உருவானபோது நீர் வெளியேறியது அல்லவா, அந்த நீரைத் திரும்பச் சேர்த்தால் பிணைப்பு அறுபடும். இதுதான் நீராற்பகுப்பு. 1820-இல் பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்றி பிராகோனோ ஜெலட்டினைக் கந்தக அமிலத்தோடு சூடாக்கி இனிப்பான படிகங்களைப் பெற்றார். சர்க்கரை என்று அவர் நினைத்தது உண்மையில் கிளைசின்.

இன்று வழக்கமாகச் செய்வது இது: புரதத்தை 6 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டு, குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்து, வாயை உருக்கி அடைத்து, 110 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வைப்பார்கள். காற்றை எடுப்பது ஆக்சிஜன் உள்ளே இருந்து கெடுத்துவிடக் கூடாது என்பதற்காக. டைரோசினைக் காப்பாற்றச் சிறிது ஃபீனால் சேர்ப்பதும் உண்டு. பிறகு அமிலத்தை வெற்றிடத்தில் ஆவியாக்கிவிட்டால் மிஞ்சுவது அமினோ அமிலங்களின் கலவை.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இந்த ஒரு நாள் கொதிப்பில் என்னென்ன தொலைகிறது என்று பாருங்கள். டிரிப்டோஃபான் ஏறக்குறைய முழுவதும் சிதைந்துவிடும். அஸ்பராஜின் தன் அமைடு பகுதியை இழந்து அஸ்பார்டிக் அமிலமாகிவிடும். குளுட்டமின் அதேபோலக் குளுட்டாமிக் அமிலமாகிவிடும். ஆகவே முடிவில் “அஸ்பார்டிக் அமிலம் 8” என்று வந்தால், அந்த எட்டில் எத்தனை முதலில் அஸ்பராஜினாக இருந்தன என்று சொல்ல வழியில்லை. கவனமாக எழுதுகிறவர்கள் இரண்டுக்கும் சேர்த்துப் பொதுக் குறியீடு போட்டுவிடுவார்கள். செரினும் த்ரியோனினும் மெதுவாகக் கரைந்து குறையும். சிஸ்டீனும் ஒழுங்காக மிஞ்சாது.

இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. வாலினும் ஐசோலியூசினும் அடுத்தடுத்து வந்தால் அவற்றின் பருத்த பக்கச்சங்கிலிகள் நீரை நெருங்கவிடாது. 24 மணி நேரத்தில் அந்தப் பிணைப்பு முழுதாக அறுபடாது. ஒன்றைக் காப்பாற்றச் சீக்கிரம் நிறுத்த வேண்டும், மற்றொன்றைப் பெற நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும்.

இதற்குக் கண்டுபிடித்த தீர்வு எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே மாதிரியை மூன்று குழாய்களில் பிரித்து 24, 48, 72 மணி நேரங்களுக்குச் சூடாக்குவார்கள். செரினின் அளவு மூன்றிலும் படிப்படியாகக் குறையும். அந்தப் புள்ளிகளை வரைபடத்தில் குறித்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டி, பூஜ்ய மணி நேரத்தில் அது எங்கே தொடுகிறது என்று பார்ப்பார்கள். எதுவும் சிதையாதபோது இருந்த அளவு அதுதான். வாலினுக்கும் ஐசோலியூசினுக்கும் 72 மணி நேரக் கணக்கை எடுத்துக்கொள்வார்கள். இழப்பையே அளந்து, இழந்ததைத் திரும்பப் பெறும் வழி இது.

மற்றவற்றுக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு. சிஸ்டீனை முன்கூட்டியே பெர்ஃபார்மிக் அமிலத்தால் ஆக்சிஜனேற்றம் செய்து, அமிலத்தைத் தாங்கும் சிஸ்டீக் அமிலமாக மாற்றிவிடலாம். டிரிப்டோஃபானுக்குக் காரத்தில் தனி நீராற்பகுப்பு செய்யலாம், அல்லது ஹைட்ரோகுளோரிக்குக்குப் பதில் மீத்தேன்சல்ஃபோனிக் அமிலத்தைப் பயன்படுத்தலாம். ஆக, முழுக் கணக்கு ஒரே குழாயிலிருந்து வராது.

பிரித்தெடுப்பது

உடைத்தாயிற்று. இப்போது கையில் இருப்பது கலவை. அதைப் பிரிக்க உதவுவது குரோமட்டோகிராபி எனும் நிறப்பிரிகை முறை.

அதன் மிக எளிய வடிவம் தாளில் நடப்பது. வடிதாளின் ஓரத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளிப் பென்சிலால் ஒரு கோடு. பேனா கூடாது, மை கரைசலோடு சேர்ந்து ஏறிவிடும். கோட்டின் மேல் நுண்குழாயால் கலவையை ஒரு சிறு புள்ளியாக வைக்க வேண்டும். பக்கத்திலேயே, பெயர் தெரிந்த தூய அமினோ அமிலங்களையும் வரிசையாகப் புள்ளி வைக்க வேண்டும். பிறகு பியூட்டனால், அசிடிக் அமிலம், நீர் கலந்த கரைப்பானில் தாளின் கீழ்விளிம்பு மட்டும் தொடும்படி நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். கரைப்பான் தாளில் ஊறி மேலே ஏறும். நீரை விரும்பும் லைசின் போன்றவை தாளில் உள்ள ஈரத்தோடு தங்கித் தங்கிப் பின்தங்கும். நீரை வெறுக்கும் லியூசின் போன்றவை கரைப்பானோடு சேர்ந்து முன்னே ஓடும்.

தாளை எடுத்து உலர்த்தினால் வெறும் வெள்ளைத் தாள்தான். அமினோ அமிலங்களுக்கு நிறமில்லை. அப்போது நின்ஹைட்ரின் கரைசலைத் தெளித்துச் சூடான அடுப்பறையில் சில நிமிடங்கள் வைக்கிறோம். ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஊதா நிறப் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து வரும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நிமிடம் எனக்கு அலுத்ததில்லை. புரோலின் மட்டும் மஞ்சளாக வரும், ஏனென்றால் அதன் அமினோ தொகுதி வளையத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஊதாக்களுக்கு நடுவே அந்த மஞ்சள் தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொள்ளும்.

சில தாள்களின் ஓரத்தில் வேறொன்றும் தெரியும்: ஊதா நிறத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரல் ரேகை, கோடு கோடாக, மிகத் துல்லியமாக. வெறுங்கையால் தாளைப் பிடித்ததன் விளைவு. வியர்வையில் அமினோ அமிலங்கள் இருக்கின்றன. குற்றப் புலனாய்வில் காகிதத்தில் உள்ள கைரேகைகளை எடுக்க நின்ஹைட்ரின் பயன்படுவது இதனால்தான். ஆனால் நம் வேலையில் அது மாசு. தெரியாத புரதத்தை ஆராய்கிறபோது கையுறை போடச் சொல்வது நம் தோலைக் காப்பதற்காக மட்டும் அன்று, மாதிரியை நம் தோலிலிருந்து காப்பதற்காகவும்தான்.

புள்ளி போன தூரத்தைக் கரைப்பான் போன தூரத்தால் வகுத்தால் கிடைப்பது ஆர்.எஃப் மதிப்பு. கரைப்பான் 10 சென்டிமீட்டர் ஏறி, புள்ளி 6 சென்டிமீட்டர் ஏறியிருந்தால் 0.6. பாடநூல் அட்டவணையோடு மட்டும் இதை ஒப்பிட்டு முடிவு சொல்லக் கூடாது. வெப்பநிலை, தாளின் வகை, கரைப்பானின் விகிதம் எது மாறினாலும் மதிப்பு மாறும். அதே தாளில் பக்கத்தில் ஓடிய தூய மாதிரியோடு ஒப்பிடுவதுதான் சரி. அப்போதும் லியூசினும் ஐசோலியூசினும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்று குழப்பும். தாளை 90 டிகிரி திருப்பி வேறொரு கரைப்பானில் மறுபடி ஓடவிட்டால், முதல் ஓட்டத்தில் ஒட்டி நின்ற பல புள்ளிகள் விலகிவிடும்.

இந்தத் துறையைத் திறந்துவைத்தவர்கள் ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிங்கும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் கம்பளித் தொழிலுக்கான ஆய்வகத்தில், கம்பளிப் புரதத்தின் அமினோ அமிலங்களைப் பிரிக்க முயன்றபோது கிடைத்த வழி இது. 1952-இல் இருவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

எத்தனை என்ற கேள்விக்குத் தாள் போதாது. நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் ஸ்டான்ஃபோர்ட் மூரும் வில்லியம் ஸ்டைனும், மின்னேற்றம் கொண்ட பிசின் மணிகள் நிரப்பிய குழாய் வழியே கலவையைச் செலுத்தினார்கள். எதிர்மின்னேற்றம் கொண்ட அந்த மணிகளில் அஸ்பார்டிக் அமிலம் ஒட்டாமல் முதலில் வெளியே வரும். நேர்மின்னேற்றம் உள்ள லைசினும் ஆர்ஜினினும் கடைசி வரை பிடித்துக்கொள்ளும். வெளியே வருவதோடு நின்ஹைட்ரின் கலந்து, நிறத்தின் அடர்த்தியை 570 நானோமீட்டரிலும் புரோலினுக்காக 440 நானோமீட்டரிலும் கருவி தானே அளக்கும். 1958-இல் வந்த இந்தத் தானியங்கிக் கருவி முழுக் கணக்கையும் ஒரு நாளுக்குள் தந்தது. இன்று உயரழுத்தக் குரோமட்டோகிராபி அதை இன்னும் வேகமாக, இன்னும் குறைந்த மாதிரியில் செய்கிறது.

கருவியிலிருந்து வருவது எண்ணிக்கை அன்று, அளவு. உதாரணமாக அலனின் 10.1, கிளைசின் 19.8, லைசின் 10.0, குளுட்டாமிக் அமிலம் 29.7 நானோமோல் என்று வந்தால், சிறியதால் வகுத்து 1 : 2 : 1 : 3 என்று படிக்கிறோம். சிறு பெப்டைடுகளுக்கு இது தெளிவாக அமையும். பெரிய புரதத்தில் ஓர் அமினோ அமிலம் 41 என்பதா 42 என்பதா என்று இந்த முறையால் உறுதியாகச் சொல்வது கடினம், ஏனென்றால் அளவீட்டுப் பிழையே அந்த ஒன்றைவிடப் பெரிதாகிவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. புரதத்தைத் தூய்மைப்படுத்த, மின்சாரம் பாய்ச்சி ஜெல்லில் ஓடவிட்டிருந்தால், அதற்குப் பயன்படும் கரைசலிலேயே பெரும்பாலும் கிளைசின் இருக்கும். சரியாகக் கழுவாவிட்டால் முடிவில் கிளைசின் மட்டும் வானளவு உயர்ந்து நிற்கும்.

வரிசையைப் படிப்பது

இப்போது இரண்டாம் கேள்வி. 1940-களில் கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் சாங்கர் ஒரு வேதிப்பொருளை எடுத்தார். அது சங்கிலியின் அமினோ முனையில் ஒட்டிக்கொள்ளும், அமிலத்தில் கொதித்தாலும் கழன்றுவிடாது, மஞ்சள் நிறம் தரும். ஒட்டவைத்துவிட்டுச் சங்கிலி முழுவதையும் உடைத்தால், எந்த அமினோ அமிலம் மஞ்சளோடு வருகிறதோ அதுதான் முதல் கண்ணி. மாட்டின் இன்சுலினில் இப்படிப் பார்த்தபோது இரண்டு விடைகள் வந்தன: கிளைசின், ஃபினைல்அலனின். ஆக, இரண்டு சங்கிலிகள். ஒன்றில் 21, மற்றொன்றில் 30, மொத்தம் 51 அமினோ அமிலங்கள் என்பதையும், அவற்றின் வரிசை முழுவதையும் 1955-க்குள் அவரது குழு கண்டுவிட்டது. 1958-இல் நோபல் பரிசு. ஒவ்வொரு புரதத்துக்கும் திட்டவட்டமான ஒரே வரிசை உண்டு என்பதே அதுவரை எல்லோரும் ஒப்புக்கொண்ட செய்தியாக இல்லை.

முதல் கண்ணி மட்டும் தெரிந்து முழு வரிசை எப்படி வந்தது? துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தித்தான். ஒரு சிறு உதாரணம். டிரிப்சின் என்ற நொதி லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பின்னால் வெட்டும். அது வெட்டியதில் மூன்று துண்டுகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம்: வாலின்–செரின், அலனின்–லைசின், கிளைசின்–டைரோசின்–ஆர்ஜினின். எது முன்னே, எது பின்னே என்று இதிலிருந்து முழுதாகத் தெரியாது. இன்னொரு பங்கை எடுத்து, டைரோசினுக்குப் பின்னால் வெட்டும் கைமோட்ரிப்சினிடம் கொடுக்கிறோம். அலனின்–லைசின்–கிளைசின்–டைரோசின் என்றும் ஆர்ஜினின்–வாலின்–செரின் என்றும் இரண்டு துண்டுகள் வருகின்றன. முதல் வெட்டில் பிரிந்த இடங்களை இரண்டாம் துண்டுகள் தாண்டிச் செல்கின்றன. அவற்றை அடுக்கினால் அலனின்–லைசின்–கிளைசின்–டைரோசின்–ஆர்ஜினின்–வாலின்–செரின் என்ற வரிசையைத் தவிர வேறு எதுவும் பொருந்தாது.

சாங்கரின் முறையில் ஒரு கண்ணியை அறிய முழுச் சங்கிலியையும் அழிக்க வேண்டியிருந்தது. சுவீடனைச் சேர்ந்த பெர் எட்மன் 1950-இல் இதற்கு விடை கொடுத்தார். அவர் பயன்படுத்திய ஃபினைல் ஐசோதயோசயனேட் முதல் கண்ணியில் ஒட்டும். பிறகு நீரில்லாத அமிலம் சேர்த்தால் அந்த ஒரே கண்ணி மட்டும் கழன்று வரும், மீதிச் சங்கிலி அப்படியே நிற்கும். கழன்றதைக் குரோமட்டோகிராபியில் அடையாளம் காணலாம். இப்போது இரண்டாவதாக இருந்தது முதலாவதாகிவிட்டது. மறுபடி அதே சுற்று. 1967-இல் இதைச் செய்யும் தானியங்கிக் கருவியும் வந்துவிட்டது.

அப்படியானால் 500 கண்ணிகள் உள்ள சங்கிலியை இப்படியே கடைசி வரை படித்துவிடலாமே? முடியாது. ஒவ்வொரு சுற்றிலும் 99 சதவீத மூலக்கூறுகள் ஒழுங்காகக் கழல்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். 50 சுற்று முடியும்போது சுமார் 60 சதவீதம்தான் சரியான இடத்தில் இருக்கும், மீதி பின்தங்கிவிடும். 98 சதவீதம் என்றால் 36 சதவீதம்தான். பின்தங்கியவை வேறு எழுத்துகளைக் காட்டிக் குழப்பும். நடைமுறையில் 30 முதல் 50 வரை படித்தால் நல்ல ஓட்டம். இன்னொரு தடையும் உண்டு. பல புரதங்களில் முதல் கண்ணியின் அமினோ தொகுதியை அசிடைல் தொகுதி மூடியிருக்கும். அப்போது எட்மன் முறையால் ஒரு கண்ணியைக்கூடக் கழற்ற முடியாது.

எடை போட்டுப் பெயர் சொல்வது

இன்று பெரும்பாலான ஆய்வகங்கள் நாடுவது நிறை நிறமாலைமானியை, அதாவது மூலக்கூறுகளை மின்னேற்றி அவற்றின் எடையை அளக்கும் கருவியை. புரதத்தை உடைக்காமல் ஆவி நிலையில் அயனியாக்கும் வழிகளுக்காக ஜான் ஃபென்னும் கொய்ச்சி தனாகாவும் 2002 நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். புரதத்தை டிரிப்சினால் வெட்டி, ஒரு துண்டைக் கருவிக்குள் பிடித்து, வாயு மூலக்கூறுகளோடு மோதவிடுவார்கள். துண்டு பெரும்பாலும் பெப்டைடு பிணைப்புகளில் உடையும். ஒரு மூலக்கூறு ஓரிடத்தில், இன்னொன்று வேறிடத்தில். விளைவாக ஒவ்வொரு கண்ணியாகக் கூடிக்கொண்டே போகும் துண்டுகளின் ஏணி கிடைக்கும்.

ஓர் ஏணியை நாமே படிப்போம். கருவி வரையும் நிறமாலையில் 147.11, 246.18, 303.20, 450.27, 537.30 என்று ஐந்து சிகரங்கள். ஒவ்வொன்றும் ஒரு துண்டின் எடை, அணு நிறை அலகில். 147.11 என்பது முனையில் தனியாக நிற்கும் லைசின். டிரிப்சின் வெட்டிய துண்டு லைசினில் முடிவது இயல்பு. அடுத்ததற்கு வித்தியாசம் 99.07. சங்கிலிக்குள் இருக்கும் வாலினின் நிறை அதுவே. அடுத்து 57.02, கிளைசின். அடுத்து 147.07, ஃபினைல்அலனின். கடைசியாக 87.03, செரின். நாம் வால் முனையிலிருந்து ஏறி வந்ததால் திருப்பிப் படிக்க வேண்டும்: செரின்–ஃபினைல்அலனின்–கிளைசின்–வாலின்–லைசின். கழித்தல் கணக்கு தெரிந்தால் போதும்.

உண்மையான நிறமாலையில் சிகரங்கள் இவ்வளவு ஒழுங்காக வராது. சில படிகள் காணாமல் போயிருக்கும், எதிர்முனையிலிருந்து வரும் இன்னோர் ஏணியும் கலந்திருக்கும். அதனால் வழக்கமாகக் கணினி இந்த எண்களைத் தரவுத்தளத்தில் உள்ள புரதங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தரவுத்தளத்தில் இல்லாத உயிரினத்தின் புரதம் என்றால் மேலே செய்ததுபோல ஏணியை நேராகப் படித்தாக வேண்டும். தரவுத்தளம் இருந்தாலும் ஒரு விழிப்பு தேவை. தோல், முடியிலிருந்து உதிரும் கெரட்டின் மாதிரியில் விழுந்திருந்தால், கருவி அதையும் அதே உறுதியோடு பட்டியலிடும்.

டி.என்.ஏ வரிசையே தெரிந்துவிட்டால் இதெல்லாம் எதற்கு என்று கேட்பதுண்டு. புரதம் உருவான பிறகு அதில் நடக்கும் மாற்றங்களை டி.என்.ஏ நேரடியாகக் காட்டாது. பாஸ்பேட் ஏறிய செரின் 79.97 கூடுதல் எடையோடு நிற்பதை நிறமாலைமானி காட்டும். கொலாஜனில் நிறைந்திருக்கும் ஹைட்ராக்சிபுரோலினும் அப்படிப் பிற்பாடு உருவானதுதான். அது அமில நீராற்பகுப்பைத் தாங்கி நிற்பதால் பழைய முறையிலேயே அளந்துவிடலாம். ஆனால் செரின் மேல் உள்ள பாஸ்பேட் 24 மணி நேரக் கொதிப்பில் கழன்றுவிடும்.

எடைக்கும் தப்புபவை உண்டு. இரண்டு கிளைசின்கள் சேர்ந்தால் 114.04, ஓர் அஸ்பராஜினும் அதே 114.04. கிளைசினும் அலனினும் சேர்ந்தால் ஒரு குளுட்டமினின் எடை, 128.06. நடுவில் ஒரு படி காணாமல் போயிருந்தால் இரண்டில் எது என்று சொல்ல முடியாது. சங்கிலிக்குள் இருக்கும் லைசின் 128.09. அதைக் குளுட்டமினிலிருந்து பிரிக்க நுட்பமான கருவி வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பிடிவாதமானவை லியூசினும் ஐசோலியூசினும். ஒரே அணுக்கள், ஒரே எண்ணிக்கை, பக்கச்சங்கிலியில் கிளை பிரியும் இடம் மட்டும் வேறு. இரண்டுக்கும் 113.08. எவ்வளவு விலையுயர்ந்த தராசும் இவற்றைப் பிரிக்காது. பக்கச்சங்கிலியையே உடைக்கும் வகையில் மோதவிட்டால் லியூசின் 43 எடையுள்ள துண்டையும் ஐசோலியூசின் 29 எடையுள்ள துண்டையும் இழக்கும், அந்த வித்தியாசத்தால் அடையாளம் காணலாம். அந்த வசதியில்லாத ஆய்வகத்தில் அதே பெப்டைடை எட்மன் முறைக்கு அனுப்புவார்கள். அங்கே கழன்று வரும் லியூசினும் ஐசோலியூசினும் குரோமட்டோகிராபிக் குழாயிலிருந்து வெவ்வேறு நிமிடங்களில் வெளியே வரும்.